யார் பேசுவதென்று சொல்லட்டும்?

அன்புள்ள ஐயா,

கனடாவின் பாடகரும் கவிஞருமான லெனர்ட் கோஹன் பற்றிப் போன மாதம் நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவர் பாடல்களைத் தேடிக் கேட்டேன். யூதக் குடும்பத்தில் பிறந்தவர், ஏசுவைப் பாடுகிறார், ஜென் துறவியாகவும் இருந்திருக்கிறார். ‘அல்லேலூயா’வை ஒரு நண்பர் சர்ச் பாட்டு என்கிறார், இன்னொருவர் படுக்கையறைப் பாட்டு என்கிறார். கோஹனை பக்திக் கவிஞர் என்று சொல்லலாமா?

கே., திருச்சி

அன்புள்ள கே.,

இரண்டு நண்பர்கள் சொல்வதும் சரிதான், சண்டையை விடச் சொல்லுங்கள். 1984இல் வந்த அந்தப் பாட்டில் சங்கீதம் பாடிய தாவீது ராஜாவும் உண்டு, மாடியில் குளிக்கும் பெண்ணும் உண்டு. போதாததற்கு சிம்சோனின் தலைமுடி வேறு. வேதாகமத்திலேயே இதெல்லாம் சேர்ந்துதானே கிடக்கிறது.

பக்தி விஷயத்துக்கு ‘ஹூ பை ஃபயர்’ கேளுங்கள். 1974இல் வந்தது. யூதப் புத்தாண்டிலும் யோம் கிப்பூர் நோன்பு நாளிலும் ஜெப ஆலயத்தில் ஓதும் பழைய பாட்டு ஒன்று இருக்கிறது. வரும் ஆண்டில் யார் நீரால் சாவார், யார் நெருப்பால், யார் வாளால், யார் பசியால் என்று பட்டியல் போகும். மாண்ட்ரியலில் கோஹனின் தாத்தாவும் கொள்ளுத்தாத்தாவும் தலைவர்களாக இருந்த ஜெப ஆலயத்தில் சிறுவயதிலேயே அவர் காதில் விழுந்தது. அந்தப் பட்டியலின் நடையை அப்படியே எடுத்துக்கொண்டு, தூக்க மாத்திரைச் சாவையும் அதில் சேர்த்துவிட்டார். மூலத்தில் ஓர் ஆறுதல் உண்டு: மனந்திரும்புதலும் ஜெபமும் தர்மமும் தீர்ப்பின் கடுமையைத் தணிக்கும். கோஹன் அதை விட்டுவிட்டார். அந்த இடத்தில் ஒரு கேள்வி வருகிறது. ஆபீசில் போனை எடுப்பவர் மரியாதையாகக் கேட்பாரே, ‘யார் பேசறீங்கன்னு சொல்லட்டும்?’, அதேதான். சாவுக்கு ஆள் கூப்பிடுபவரிடம் கேட்கிறார்! நிந்தாஸ்துதி என்று பெயர் வைத்துவிடாதீர்கள். திட்டவில்லை, பெயர்தான் கேட்கிறார். இப்படிக் கேட்பவரை பக்தர் என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

கவிதையில் அவருக்கு குரு ஸ்பெயினின் லோர்கா. பதினைந்து வயதில் பழைய புத்தகக் கடையில் கிடைத்தவர். பிறகு மகளுக்கே லோர்கா என்று பெயர் வைத்தார், அவர் கவிதை ஒன்றை மொழிபெயர்த்து வால்ட்ஸ் பாட்டாகவும் ஆக்கினார்.

ஜென்? கலிஃபோர்னியாவில் மவுண்ட் பால்டி என்ற மலையிலுள்ள ஜென் மடத்தில் சில ஆண்டுகள் இருந்தார், 1996இல் தீட்சை பெற்றார். ஆனால் புது மதம் தேடிப் போகவில்லை என்று அவரே சொன்னவர்தான். பாட்டில் அதன் தடம் எனக்குப் பெரிதாகத் தென்படவில்லை.

கடைசியாக 2016இல் ‘யூ வாண்ட் இட் டார்க்கர்’. அதே மாண்ட்ரியல் ஜெப ஆலயத்தின் பாடகர் குழு பின்னால் பாட, 82 வயதுக் குரல் ‘ஹினேனி’ என்கிறது. ஆபிரகாம் கடவுளுக்குச் சொன்ன எபிரேயச் சொல். ஆல்பம் வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை, இறந்துபோனார். கூப்பிட்டது யார் என்று இந்த முறை கேட்கவில்லை. தமிழ் வேதாகமத்தில் அந்தச் சொல் ‘இதோ அடியேன்’ என்று இருக்கும், ஆதியாகமம் 22. சர்ச் பாட்டு என்ற நண்பரிடம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.