எடை போனா தசையும் போயிடுமா? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, விண்வெளி நிலையத்துல ஆறு மாசம் இருந்துட்டு வர்றவங்கள கேப்சூல்லேர்ந்து தூக்கி நாற்காலியில உக்கார வைக்கறத பத்தி ரெண்டே ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு இவ்ளோ கேள்வி வரும்னு நினைக்கல. ஒரே மாதிரி வந்தத எல்லாம் சேர்த்துட்டேன், உங்க கேள்விய வேற யாரோ கேட்ட மாதிரி தெரிஞ்சா கோவிச்சுக்காதீங்க.

கேள்வி: விண்வெளி நிலையம் 400 கிலோமீட்டர் உயரத்துல தானே சுத்துது, அதுக்குள்ள ஈர்ப்பு விசை காணாம போயிடுமா?

போகாதுங்க. அந்த உயரத்துல தரையில இருக்கறதுல கிட்டத்தட்ட 90% ஈர்ப்பு அப்படியே இருக்கு. நிலையமும் உள்ள இருக்கற ஆளுங்களும் சேர்ந்தே பூமிய சுத்தி விழுந்துக்கிட்டே இருக்காங்க, எல்லாம் ஒரே வேகத்துல விழறதால ஒண்ணு மேல ஒண்ணு அழுத்தறதில்ல, அவ்ளோதான். அதனால உடம்புக்கு ஈர்ப்பு இல்லாம போகல, தாங்க வேண்டிய பளு இல்லாம போச்சு. இத ஞாபகம் வச்சுக்கோங்க, கீழ வர்ற பாதி பதிலுக்கு இதான் அடிப்படை.

கேள்வி: மிதக்கறது சுகமான விஷயம் தானே, அதுக்கு போய் தசை ஏன் கரையணும்? சாப்பாடு சரியில்லாததால இருக்குமோ?

சாப்பாடும் ஒரு காரணம்தான், ஆனா முக்கிய காரணம் அது இல்ல. நாம சும்மா நிக்கறப்போ கூட கெண்டைக்கால், தொடை, முதுகு தசையெல்லாம் நமக்கே தெரியாம வேலை பார்த்துக்கிட்டே இருக்கு, குறிப்பா கெண்டைக்கால்ல உள்பக்கமா இருக்கற சோலியஸ்னு ஒரு தசை, அது வேகமா ஓடறதுக்கானது இல்ல, மணிக்கணக்கா சளைக்காம தாங்கறதுக்கானது. மேல போனதும் அதுக்கு ஒரே நாள்ல வேலை போயிடுது. கை தசைக்கு பெருசா ஒண்ணும் ஆகறதில்ல, ஏன்னா அங்க எங்க போறதா இருந்தாலும் கையால கம்பிய புடிச்சு இழுத்துதான் போகணும், காலு சும்மா பின்னாடி மிதந்துட்டு வருது.

தசைங்கறது எப்பவும் கட்டறதும் உடைக்கறதுமா இருக்கற சமாச்சாரம். பளு குறைஞ்சா புது புரோட்டீன் கட்டற வேலை முதல்ல மந்தமாகுது, கூடவே பழசுக்கு யூபிக்விட்டின்னு ஒரு அடையாளம் ஒட்டி புரோட்டியாசோம்ங்கற அரவை மெஷினுக்கு அனுப்பற வேலையும் ஏறுது. மிச்சம் இருக்கற நார்களோட குணமும் மாறுது, சளைக்காம உழைக்கற நார் கொஞ்சம் கொஞ்சமா சீக்கிரம் சோர்ந்து போற வகைக்கு நகருது. 5 நாள்லேர்ந்து 11 நாள் வரைக்கும் போற சின்ன பயணத்துலயே 20% வரைக்கும் தசை குறையலாம்னு நாசா சொல்லுது. இத நோய்னு சொல்ல எனக்கு மனசு வரல, தேவையில்லாத செலவ உடம்பு நிறுத்துது, அங்கேயே இருக்கறதா இருந்தா அது சரியான முடிவும் கூட. திரும்பி வரணும்ங்கறது உடம்புக்கு தெரியாது, அதான் பிரச்சனையே.

இது முதல்ல பளிச்சுனு தெரிஞ்சது 1970 ஜூன்ல. சோயுஸ் 9ங்கற சோவியத் விண்கலத்துல நிகோலயேவும் செவஸ்தியானோவும் கிட்டத்தட்ட 18 நாள் இருந்துட்டு இறங்கினாங்க, அவங்களால சரியா நிக்கவும் முடியல நடக்கவும் முடியல, தேற பல நாள் ஆச்சு. அந்த கேப்சூல்ல உடற்பயிற்சிக்கு இடமும் கம்மி, நேரமும் கம்மி. அதுக்கப்புறம்தான் பயிற்சிய கட்டாயமாக்கற யோசனை வலுவாச்சு.

கேள்வி: ரத்த அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டறத ஆராய்ச்சி பண்ண ராக்கெட்ல ரத்தத்தையே அனுப்பினாங்கன்னு படிச்சேன், நிஜமாவா? ஒட்டறதுக்கும் எடைக்கும் என்ன சம்பந்தம்?

நிஜம்தான். லியோபோல்ட் டின்டென்ஃபாஸ்னு சிட்னில ஒரு ரத்த ஆராய்ச்சியாளர், ரத்தம் எவ்ளோ கெட்டியா ஓடுதுங்கறதையே வாழ்நாள் முழுக்க பார்த்தவர். 1985 ஜனவரில டிஸ்கவரி விண்கலத்துலயும் அப்புறம் 1988ல மறுபடியும் அதே டிஸ்கவரிலயும் அவரோட சோதனை போச்சு. ரெண்டு கண்ணாடித் தகடுக்கு நடுவுல இருக்கற மெல்லிசு சந்துல ரத்தத்த விட்டு, தானா போட்டோ எடுக்கற கருவி அது, ஆரோக்கியமானவங்க ரத்தமும் இருந்துச்சு நோயாளிங்க ரத்தமும் இருந்துச்சு. தரையிலயும் அதே மாதிரி ஒரு கருவிய ஓட விட்டு ரெண்டு போட்டோவையும் ஒப்பிட்டாங்க.

மெதுவா ஓடற ரத்தத்துல சிவப்பணுக்கள் காச அடுக்கி வச்ச மாதிரி வரிசையா சேர்ந்துக்கும், இது சாதாரணம், ஓட்டம் வேகமானா கலைஞ்சுடும். சில நோய்ல மட்டும் அடுக்கா சேராம கண்டபடி கட்டி கட்டியா சேரும், அது சீக்கிரம் கலையாது. மேல போனப்போ என்ன ஆச்சுன்னா, சேர்றது நிக்கல ஆனா கூட்டம் சின்னதா இருந்துச்சு, தரையில கட்டி கட்டியா இருந்த நோயாளி ரத்தம் கூட அங்க அடுக்கு மாதிரி சேர்ந்துச்சு. சோதிச்ச சாம்பிள் ரொம்ப கம்மி, அதனால இத வச்சு பெரிய முடிவுக்கு வர வேணாம், ஆனா கேள்வி பிரமாதமான கேள்வி: அணுக்கள் ஒட்டறதுக்கு அதோட மேற்பரப்புல இருக்கற பசை மட்டும் காரணமா, இல்ல எடையால கீழ படிஞ்சு ஒண்ணு மேல ஒண்ணு உக்காரறதும் சேர்ந்தா? தரையில இந்த ரெண்டையும் பிரிச்சு பார்க்கவே முடியாது, எடைய கழட்டி வைக்க வழி இல்லையே.

இங்க ஒரு சந்தேகம் நியாயமா வரும், ரத்தம்தான் எப்பவும் ஓடிக்கிட்டே இருக்கே அப்புறம் படியறது எங்கேன்னு. வேகமா ஓடற தமனில எடை ஒரு விஷயமே இல்ல, ஓட்டத்தோட தள்ளுதான் எல்லாம். மெதுவா ஓடற சின்ன சிரைகள்லதான் அது கணக்குக்கு வருது.

வெள்ளை அணு ஒட்டறது வேற கதை. காயம்பட்ட இடத்துக்கு போகணும்னா அது ரத்தக்குழாய் சுவர புடிக்கணும். முதல்ல செலக்டின்ங்கற மூலக்கூறுகள் லேசா புடிச்சு விட்டு புடிச்சு விட்டு அணுவ சுவர் மேல உருட்டிக்கிட்டே கொண்டு போகும், அப்புறம் இன்டெக்ரின்னு இன்னொரு வகை மூலக்கூறு கெட்டியா புடிச்சு நிறுத்தும், அதுக்கு அப்புறம் அணு தட்டையாகி சுவர் இடுக்குல நுழைஞ்சு வெளிய போகும். மைக்ராஸ்கோப் வழியா பாத்தா ரத்தம் பாஞ்சு ஓடறப்போ ஒரே ஒரு அணு மட்டும் சுவரோரமா தத்தி தத்தி உருள்றது அவ்ளோ தெளிவா தெரியும். விண்வெளிலேர்ந்து இறங்கற அன்னிக்கு ரத்தம் எடுத்து பாத்தா நியூட்ரோஃபில்ங்கற ஒரு வகை வெள்ளை அணுவோட எண்ணிக்கை திடீர்னு எகிறி இருக்கும், நிறைய பேர் கிருமி தொத்திடுச்சுன்னு நினைப்பாங்க, அதுல பெரும்பங்கு ஏற்கனவே குழாய் சுவர்ல ஒட்டிக்கிட்டு இருந்த அணுக்கள்தான், இறங்கற நேரத்து ஸ்ட்ரெஸ் ஹார்மோன்ல புடிய விட்டு ஓட்டத்துல கலந்திருக்கு.

நோய் எதிர்ப்பு மந்தமாகறதும் உண்மைதான். 1983ல ஷட்டில் விண்கலத்துக்குள்ள இருந்த ஸ்பேஸ்லேப்ங்கற ஆய்வுக்கூடத்துல அகஸ்டோ கோகோலி குழு மனுஷ லிம்ஃபோசைட்டுகள, அதாவது கிருமிய எதிர்க்கற இன்னொரு வகை வெள்ளை அணுக்கள, தூண்டி பாத்தாங்க, தரையில நடந்த மாதிரி விழிச்சுக்கவே இல்ல, 90%க்கு மேல குறைஞ்சு போச்சு. பின்னாடி, ஷட்டில்ல போன 89 பேர சோதிச்சதுல 53% பேர் எச்சில்லயோ சிறுநீர்லயோ உடம்புக்குள்ள தூங்கிட்டு இருந்த ஹெர்பிஸ் வகை வைரஸ் வெளிய வந்திருந்துச்சு. பெரும்பாலானவங்களுக்கு அறிகுறியே இல்ல.

இப்ப தசைக்கும் இதுக்கும் இருக்கற தொடர்ப சொல்லிடறேன், எனக்கு இந்த விஷயத்துல ரொம்ப புடிச்ச இடமே இதான். மேல சொன்ன இன்டெக்ரின் இருக்கே, அதே குடும்பத்து வேற உறுப்பினர்கள்தான் தசை நார சுத்தி இருக்கற உறையோட கட்டிப் போடுது. தசை இழுபடறப்போ அந்த புடிமானம் வழியாதான் செல்லுக்கு உள்ள "பளு வந்திருக்கு, கட்டு"ன்னு சேதி போகுது, சேதி கொண்டு போற என்சைம்கள்ல ஒண்ணு ஃபோக்கல் அட்ஹீஷன் கைனேஸ். பளு இல்லாம போனா அதோட வேலை குறையுது. ரத்தத்துல ஒட்டறதும் தசையில கரையறதும் ரெண்டு தனித்தனி ஆராய்ச்சி மாதிரி தெரியும், ஆனா ரெண்டுலயும் செல்லு எதயோ புடிச்சுக்கிட்டு இருக்கறதும் அந்த புடிய யாரோ இழுக்கறதும்தான் கேள்வி.

கேள்வி: அங்க யாருக்காவது ரத்தம் கட்டிக்கிட்டா என்ன பண்ணுவாங்க?

கட்டிக்கிச்சுங்க. நாம நிக்கறப்போ கழுத்து சிரை பெரும்பாலும் சப்பையாதான் இருக்கும், ரத்தம் கீழ இறங்கிடும். அங்க இறங்க "கீழ"ன்னு ஒண்ணு இல்ல, காலு பக்கத்து ரத்தமும் நீரும் மேல ஏறி முகம் உப்பி காலு மெலிஞ்சு கழுத்து சிரை எப்பவும் புடைச்சே இருக்கு. 2019ல வெளியான ஒரு ஆய்வுல 11 பேர பாத்ததுல 6 பேருக்கு அந்த சிரைல ரத்தம் தேங்கி நின்னுச்சு, இல்லன்னா பின்னாடி ஓடிச்சு.

அதுல ஒருத்தர், பேர வெளிய சொல்லல, ஆறு மாச பயணத்துல ரெண்டாவது மாசம் ஆராய்ச்சிக்காக தன் கழுத்துல அல்ட்ராசவுண்ட் வச்சப்போ கட்டி தெரிஞ்சுச்சு, வலி வீக்கம் எதுவும் இல்ல, சோதிக்கலன்னா தெரிஞ்சே இருக்காது. நிலையத்துல இருந்தது ரத்தம் உறையாம தடுக்கற ஈனாக்ஸபாரின்ங்கற ஊசி மருந்து 20 குப்பி, ஊசி எண்ணிக்கையும் கம்மி, அதுலயும் எடையில்லாத இடத்துல குப்பிலேர்ந்து மருந்த ஊசில இழுக்கறதே பெரும்பாடு, திரவம் அடில நிக்காதே. ரத்தம் கசிஞ்சா நிறுத்தற மாற்று மருந்தும் அப்போ கையில இல்ல. தரையிலேர்ந்து டாக்டருங்க அளவ குறைச்சு, அடுத்த சரக்கு கலம் வர்ற வரைக்கும் இழுத்து, அது கொண்டு வந்த, அதே வேலைய செய்யற அபிக்ஸபான் மாத்திரைக்கு மாத்தினாங்க. இறங்கி பத்து நாள்ல கட்டி காணல. சிரைல ஓட்டம் மந்தமானா அணுக்கள் ஒட்டும்ங்கறது புஸ்தகத்துல நூறு வருஷத்துக்கு மேல இருக்கற விஷயம், ஆனா ஓட்டம் மந்தமாகற காரணம் புதுசு.

கேள்வி: அங்க போனா ரத்தசோகை வருமாமே?

வரும். ரொம்ப நாளா, உடம்புல நீர் குறையறதால அதுக்கு ஏத்த மாதிரி சிவப்பணுவும் கொஞ்ச நாள் குறைஞ்சு சமநிலைக்கு வந்துடும்னு நம்பிக்கிட்டு இருந்தாங்க. ஒட்டாவா பல்கலைக்கழகத்து கை ட்ரூடெல் குழு 14 பேர ஆறு மாசம் பாத்து 2022ல எழுதினது வேற மாதிரி இருந்துச்சு: தரையில நொடிக்கு 20 லட்சம் சிவப்பணு அழியுது, அங்க 30 லட்சம், அதுவும் பயணம் முழுக்க. எப்படி எண்ணினாங்கன்னா மூச்ச டப்பாவுல ஊதி புடிச்சு அதுல இருக்கற கார்பன் மோனாக்சைட அளந்தாங்க, சிவப்பணுவுக்குள்ள இருக்கற ஹீம்ங்கற இரும்பு மூலக்கூறு ஒண்ணு உடைஞ்சா கார்பன் மோனாக்சைடு மூலக்கூறு ஒண்ணு வெளிய வரும். திரும்பி ஒரு வருஷம் ஆகியும் அழிவு 30% கூடுதலா இருந்துச்சு. மிதக்கறப்போ சோகை உறுத்தாது, இறங்கி காலு ஊன்றப்போதான் தெரியும்.

கேள்வி: புரோட்டீன் பவுடர் சாப்ட்டா தசைய காப்பாத்த முடியாதா? இல்லன்னா ஒரு ஊசி?

பவுடர் கம்பெனிக்காரங்களுக்கு வருத்தமான செய்தி. 2005ல பிரான்ஸ் துலூஸ்ல 24 பெண்கள 60 நாள், தலை 6 டிகிரி தாழ இருக்கற படுக்கையில படுக்க வச்சாங்க, எடையின்மைய தரையில நகல் எடுக்க அதான் வழக்கமான வழி. ஒரு குழுவுக்கு கூடுதல் புரோட்டீன், ஒரு குழுவுக்கு பயிற்சி, ஒரு குழுவுக்கு ஒண்ணும் இல்ல. கூடுதல் புரோட்டீன் கிடைச்சவங்க தொடை தசை ஒண்ணும் கிடைக்காதவங்களத விட தேறல, பயிற்சி பண்ணவங்க மட்டும்தான் தப்பிச்சாங்க. கட்ட ஆள் இல்லாதப்போ செங்கல் கொட்டி என்ன பிரயோஜனம்னு எனக்கு தோணுது.

அதனால நிலையத்துல தினமும் ரெண்டு மணி நேரத்துக்கு மேல பயிற்சிக்கு ஒதுக்கறாங்க, அதுல உடை மாத்தறது, கருவிய சரி பண்றது எல்லாம் அடக்கம். டம்ப்பெல் அங்க வேலைக்கு ஆகாது, எடையே இல்ல. 2008லேர்ந்து இருக்கற பெரிய கருவில வெற்றிட சிலிண்டர்ல பிஸ்டன இழுக்கணும், 270 கிலோ வரைக்கும் இழுவை வைக்கலாம். ஓடறதுக்கு டிரெட்மில், அதுல எகிறி போகாம இருக்க எலாஸ்டிக் வார் போட்டு கீழ இழுத்து கட்டிக்கணும்.

ஊசி விஷயம் கொஞ்சம் சுவாரஸ்யம். தசை எவ்ளோ வளரலாம்னு கடிவாளம் போடற மயோஸ்டாட்டின்ங்கற புரோட்டீன 1997ல சே ஜின் லீ குழு கண்டுபிடிச்சாங்க. 2019 டிசம்பர்ல அதே லீ 40 எலிய நிலையத்துக்கு அனுப்பினார். சாதாரண எலிங்களுக்கு தசை 18% வரைக்கும் குறைஞ்சது, மயோஸ்டாட்டின் இல்லாம பொறந்த எலிங்க தசைய காப்பாத்திக்கிச்சு, அந்த சமிக்ஞைய தடுக்கற மருந்து போட்ட எலிங்களுக்கு தசை ஏறவே செஞ்சது, எலும்பும் தப்பிச்சது. எலிக்கு நடந்தது மனுஷனுக்கு அப்படியே நடக்கும்னு யாராவது சொன்னா நம்பாதீங்க, தசை அளவு கூடறதும் பலம் கூடறதும் ஒண்ணு இல்ல.

கேள்வி: சுபான்ஷு சுக்லா கூட தசை சோதனை பண்ணாராமே?

ஆமா, 2025 ஜூன் ஜூலைல நிலையத்துல 18 நாள் இருந்தப்போ, பெங்களூர்ல இருக்கற இன்ஸ்டெம் ஆராய்ச்சி நிறுவனம் அனுப்பின தசை செல்கள வச்சு பண்ணார். செல்லுக்கு சக்தி குடுக்கற மைட்டோகாண்ட்ரியாவுக்கு உதவற சத்து குடுத்தா தசை மறுபடி வளர்றது தேறுதாங்கறதுதான் கேள்வி. படுத்த படுக்கையா இருக்கற வயசானவங்களுக்கும் இதே தேய்மானம்தான், அதனால பலன் வந்தா அவங்களுக்கும் வரும்.

கேள்வி: அப்போ செவ்வாய்க்கு போறவங்க இறங்கி நடப்பாங்களா?

1995ல வலேரி பொலியகோவ்ங்கற ரஷ்ய விண்வெளி வீரர் அவங்களோட மிர் விண்வெளி நிலையத்துல 437 நாள் இருந்துட்டு இறங்கி, பக்கத்துல இருந்த நாற்காலி வரைக்கும் தானே நடந்து போனார். அதனால முடியும். செவ்வாய்ல நம்ம ஈர்ப்புல 38%தான், அதுவும் சாதகம். சிக்கல் வேற எடத்துல: இப்ப நிலையத்துல இருக்கற அந்த பயிற்சி கருவி செவ்வாய்க்கு போற கலத்துக்கு ரொம்ப பெருசு, ரத்தம் கட்டினா மாத்திரை கொண்டு வர சரக்கு கலமும் பின்னாடி வராது. சின்னதா, லேசா, பழுதாகாம ஒரு கருவி செய்ய இப்பவே பல குழு மல்லுக்கட்டிக்கிட்டு இருக்காங்க.