சொந்த அக்காவே அழைத்தாலும் பத்திரம் கைக்கு வந்த பிறகு போங்கள்

கேள்வி: அக்கா, எனக்கு 34 வயது. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறேன். ஒன்பதாம் வகுப்பு வரை படித்திருக்கிறேன். என் சின்னம்மாவின் மகள் திருமணமாகிச் சிங்கப்பூரில் குடியுரிமையோடு இருக்கிறார். அவருடைய மாமியாருக்கு 74 வயது. பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகிவிட்டார். அவரைப் பார்த்துக்கொள்ள என்னை அழைக்கிறார். "ஊர் சுற்றிப் பார்க்க வருவதுபோல வா. சம்பளத்தைக் கையிலேயே தருகிறேன். கடவுச்சீட்டையும் நானே பத்திரமாக வைத்துக்கொள்கிறேன். நமக்குள் எதற்குப் பதிவும் பத்திரமும்?" என்கிறார். அம்மாவும் போகச் சொல்கிறார். போகலாமா?

பதில்: தங்கச்சி, இந்த வழியில் போகாதீர்கள். உங்கள் அக்கா கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. படுக்கையில் ஒரு நோயாளியை வைத்துக்கொண்டு, வேலைக்கும் போய்வரும் பெண்ணுக்கு, தெரிந்த முகம் ஒன்று வீட்டில் இருந்தால் போதும் என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் அவர் கேட்பது அந்த நாட்டுச் சட்டத்தில் குற்றம். அனுமதியில்லாமல் வேலை செய்பவருக்கு 20,000 சிங்கப்பூர் டொலர் வரை அபராதம் அல்லது இரண்டு வருடம் வரை சிறை, சில வேளை இரண்டுமே. வேலைக்கு வைத்தவருக்கு 5,000 முதல் 30,000 டொலர் வரை அபராதம் அல்லது சிறை, சில வேளை இரண்டுமே உண்டு. பிடிபட்டால் அக்காவும் தப்பமாட்டார்.

இன்னொன்றை உங்கள் குடும்பத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். வீட்டுப் பணிப்பெண் அனுமதியில் வருபவர் முதலாளிக்கு உறவினராக இருக்கக்கூடாது என்பது சிங்கப்பூர் மனிதவள அமைச்சின் விதி. ஆகவே நேர்மையாக விண்ணப்பித்தாலும் சின்னம்மா மகளின் பெயரில் உங்களுக்கு அனுமதி கிடைக்காது. "முதலில் வா, பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று நாளை அவர் சொன்னால், அந்தப் பேச்சுக்கு ஆதாரம் இல்லை.

நான் எட்டு வருடம் அந்த ஊரில், ஒரு சீனக் குடும்பத்தின் அடுக்குமாடி வீட்டில் வேலை செய்தேன். பாட்டியை அவர்கள் ஆமா என்பார்கள், நானும் அப்படியே அழைத்தேன். அவருக்கும் பக்கவாதம்தான். இரவு பத்து, பன்னிரண்டு, இரண்டு, நான்கு மணிக்கு எழுந்து, கீழே விரித்த துணியைப் பிடித்து இழுத்து அவரை மறுபக்கம் திருப்ப வேண்டும். கைகளால் தோளைப் பிடித்து இழுத்தால் தோல் உரிந்துவிடும். குதிகால் மெத்தையில் படாமல் கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை வைக்க வேண்டும். திருப்பிய நேரத்தைக் கட்டில் பக்கத்தில் ஒரு கொப்பியில் எழுதி வைப்பேன். இந்த வேலையின் கனம் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட வேலைக்கு ஓய்வு நாளும், எழுதிய சம்பளமும், மருத்துவக் காப்புறுதியும் இல்லாமல் ஒருவர் ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டார். சொந்தக்காரர் வீட்டில் "இன்று எனக்கு லீவு" என்று வாய் திறந்து சொல்ல உங்களால் முடியுமா? யோசித்துப் பாருங்கள்.

என்னை அனுப்பிய தரகர் கட்டுநாயக்கா விமான நிலையம் போகும் வேனில்தான் ஒரு கடிதத்தைக் கையில் திணித்தார். மனிதவள அமைச்சு விமானம் ஏறுமுன்பே தரும் கொள்கையளவு ஒப்புதல் கடிதம் அது. முதலாளியின் பெயர், வீட்டு முகவரி, மாதச் சம்பளம் எல்லாம் அதில் இருந்தன. தரகர் வாயால் சொன்ன தொகையைவிடக் கடிதத்தில் குறைவாக இருந்தது. திரும்பி வர மனமில்லாமல் போய்விட்டேன். அதை மடித்துப் பைக்குள் வைத்தது பின்னால் உதவியது. ஆமாவின் மகன் உணவுக்கடை வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் அங்கே வந்து பாத்திரம் கழுவச் சொன்னார். முகவரியில் இருக்கும் வீட்டுக்கு வெளியே என்னை வேலை வாங்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று கடிதத்தைக் காட்டினேன். கை நடுங்கியது உண்மை. அவர் படித்துப் பார்த்தார், அதன் பிறகு கேட்கவில்லை. பத்திரம் இல்லாமல் போயிருந்தால் எதைக் காட்டியிருப்பேன்?

உங்கள் அக்காவுக்கும் நேரான வழி இருக்கிறது. உறவில்லாத ஒரு பெண்ணை அவர் சட்டப்படி எடுக்கலாம். முதல் முறை முதலாளியாகிறவர் ஓர் அறிமுக வகுப்பை முடிக்க வேண்டும். இலங்கைப் பெண்ணுக்காக 5,000 டொலர் பிணைமுறி, அதாவது விதிகளை மீறமாட்டேன் என்பதற்கான உத்தரவாதம், அரசுக்குக் கொடுக்க வேண்டும். வருடத்துக்குக் குறைந்தது 60,000 டொலர் மருத்துவக் காப்புறுதியும், அதே அளவு விபத்துக் காப்புறுதியும் எடுக்க வேண்டும். பணிப்பெண் வைத்திருப்பதற்காக முதலாளி அரசுக்குக் கட்டும் மாத வரி 300 டொலர். ஆனால் 67 வயது நிரம்பிய, குடியுரிமை உள்ள முதியவர் வீட்டில் இருந்தால் சலுகையாக 60 டொலர்தான். அவருடைய மாமியாருக்கும் குடியுரிமை இருந்தால் இது பொருந்தும். செலவுக்குப் பயந்து உங்களைச் சுற்றுலாவில் அழைக்கிறார் என்றால், இந்தச் சலுகை அவருக்குத் தெரியாமலும் இருக்கலாம், சொல்லிப் பாருங்கள். பிணைமுறிப் பணமோ வரியோ காப்புறுதியோ எதுவும் பணிப்பெண்ணின் சம்பளத்தில் கழிக்கப்படக்கூடாது.

உங்களுக்கு உண்மையிலேயே போக வேண்டும் என்றால், வேறு வீட்டுக்குப் போகலாம். வயது 23 முதல் 50க்குள், குறைந்தது எட்டு வருடப் பாடசாலைக் கல்வி. இரண்டும் உங்களிடம் இருக்கின்றன. பாடசாலை விடுகைப் பத்திரத்தை இப்போதே எடுத்து வையுங்கள். நம் தோட்டத்துப் பெண்கள் பலருக்கு இடறும் கல் வேறு இடத்தில் இருக்கிறது: பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், தேசிய அடையாள அட்டையில் இன்னொரு எழுத்து, சில வேளை தந்தையின் பெயரே வேறு. கண்டிக்குக் கடவுச்சீட்டு எடுக்கப் போய் இதனால் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் விடுகைப் பத்திரம், பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை மூன்றையும் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். வித்தியாசம் இருந்தால் பிரதேச செயலகத்தில் சரிசெய்த பிறகு மற்றதைத் தொடங்குங்கள்.

வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதியாமல் விமானம் ஏறக்கூடாது. பதிந்தவருக்குக் காப்புறுதி உண்டு, பிள்ளைகளுக்குப் புலமைப்பரிசில் உண்டு. சுற்றுலா விசாவில் ஓமானுக்குக் கொண்டுபோகப்பட்ட நம் நாட்டுப் பெண்கள் பட்ட பாடு 2022 கடைசியில் பத்திரிகைகளில் வந்தது நினைவிருக்கும்.

சிங்கப்பூர் முகவர் இரண்டு வருட ஒப்பந்தத்துக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் உங்களிடம் வாங்கக்கூடாது. அங்கே போனதும் ஒரு நாள் வகுப்பு, பதினான்கு நாளுக்குள் மருத்துவப் பரிசோதனை. வாரத்தில் ஒரு நாள் ஓய்வு. 2023 தொடக்கத்திலிருந்து மாதத்தில் ஒரு ஓய்வு நாளையாவது பணம் கொடுத்து ஈடுசெய்ய முடியாது, அந்த நாளில் ஓய்வேதான் தர வேண்டும். கடவுச்சீட்டு உங்கள் கையில் இருக்க வேண்டும். வேறொருவர் அதைப் பிடித்து வைத்துக்கொள்வது அங்கே குற்றம். இதை அக்காவிடமும் சொல்லுங்கள். அவர் கோபித்துக்கொண்டால் கோபிக்கட்டும். அம்மாவுக்கு இந்தப் பதிலை வாசித்துக் காட்டுங்கள்.

கேள்வி: என் மகனுக்கு இப்போது ஒன்றரை வயது. கணவர் கொழும்பில் ஹோட்டல் வேலையில் இருக்கிறார். பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டு வெளிநாடு போகலாமா? ஒரு தரகர் பிள்ளையின் வயதை மாற்றிக் காட்டலாம் என்கிறார். (மஸ்கெலியாவிலிருந்து ஒரு வாசகி)

பதில்: இப்போது முடியாது. 2022இல் அரசாங்கம் முன்பிருந்த ஐந்து வயது வரம்பைக் குறைத்தது. இளைய பிள்ளைக்கு இரண்டு வயது முடிந்திருக்க வேண்டும். அதன் பிறகும் பிள்ளையை யார் பார்த்துக்கொள்வார்கள் என்பதைப் பிரதேச செயலக உத்தியோகத்தர் உறுதிப்படுத்த வேண்டும். உங்கள் மாமியாரிடம் நேரில் பேசி, அவர் மனதாரச் சம்மதிக்கிறாரா என்று பாருங்கள். முதுகுவலியோடு இருக்கும் கிழவியிடம் ஓடித் திரியும் பிள்ளையை விட்டுப் போனால், நீங்கள் அங்கே ஒரு கவளம் நிம்மதியாக உண்ணமாட்டீர்கள்.

பிறப்புச் சான்றிதழில் கை வைக்கும் தரகரிடம் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பொய்ப் பத்திரத்துக்கு மாட்டுவது நீங்கள்தான், அவர் அல்ல. முகவர் யாராக இருந்தாலும் அவருடைய அனுமதி இலக்கத்தைக் கேட்டு வாங்கி, பணியகத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு அழைத்து, அது செல்லுபடியானதா என்று விசாரியுங்கள். இலக்கம் கேட்டதும் அவர் வேறு பேச்சுப் பேசினால் எழுந்து வந்துவிடுங்கள்.