லா ரோக் கஜாக் போகலாமா என்று கேட்ட தம்பிக்கு

தம்பி, பாரிஸ் வந்து எட்டு மாதம் ஆகிறது, தென்மேற்குப் பிரான்ஸில் லா ரோக் கஜாக் என்ற ஊரில் ஓர் உணவகக் குசினியில் ஏப்ரலிலிருந்து வேலை தருகிறார்களாம், படத்தில் பார்த்தால் சொர்க்கம் மாதிரி இருக்கிறது, போகலாமா என்று கேட்டிருந்தீர். அங்கே மூன்று ஆண்டுகள் முதலில் கோப்பை கழுவி, பிறகு சமைத்து, இப்போது பக்கத்து நகரமான சார்லாவில் குடியிருப்பவன் நான். போகலாம். ஆனால் அந்தப் படத்தை இன்னொரு தடவை எடுத்துப் பாரும். மேலே செங்குத்தான பாறை, கீழே ஆறு, இடையில் தேன்நிறக் கல்வீடுகள், ஒரே ஒரு வீதி. அவ்வளவுதான் ஊர். நானூறு பேர் சொச்சம்தான் சனத்தொகை. அந்த ஊருக்குப் பின்பக்கம் என்று ஒன்று கிடையாது. அங்கே உமக்கு வரப்போகும் நல்லதும் கெட்டதும் அந்த இட நெருக்கடியிலிருந்துதான் வரும்.

'ரோக்' என்றால் இந்தப் பகுதியின் பழைய மொழியான ஒக்சித்தானில் பாறை. 'ஆக்' என்று முடியும் ஊர்ப்பெயர்களை இங்கே அடிக்கடி காண்பீர்: பெய்னாக், கார்சாக், மொந்தினியாக், பெர்ஜராக். ரோமானியர் காலத்தில் இன்னாருடைய நிலம் என்று குறிக்க வந்த விகுதி அது. நம் கொக்குவில், இணுவில் மாதிரிப் பெயரே ஊரின் வயதைச் சொல்லிவிடும்.

ஆற்றின் பெயர் தோர்தோஞ். மத்திய பிரான்ஸில் 1,885 மீட்டர் உயரமுள்ள சான்சி மலையில் பிறந்து, ஏறக்குறைய 480 கிலோமீட்டர் ஓடி, போர்தோ நகருக்குக் கீழே கரோன் ஆற்றோடு கலக்கிறது. ஊர் அதன் வடகரையில் தெற்குப் பார்த்து உட்கார்ந்திருக்கிறது. வாடைக்காற்றைப் பாறை மறிக்கிறது. பகல் வெயிலைக் குடித்து வைத்துக்கொண்டு இரவில் விடுகிறது. அதனால் தேவாலயத்துக்குப் பக்கத்தில் பனை வகைகள், மூங்கில், வாழைகூட வளர்கின்றன. முதல் நாள் அந்த வாழையடியில் நான் கொஞ்ச நேரம் பேசாமல் நின்றேன். இலையை வெட்டிச் சோறு போடலாமா என்று மட்டும் யோசிக்காதீர். அது ஊர்ச்சபைச் சொத்து.

சூடு கொடுக்கும் அதே பாறைதான் 1957 ஜனவரி 17ஆம் தேதி பிளந்து விழுந்தது. மூன்று பேர் இறந்தார்கள். பத்து வீடுகள் அளவில் நொறுங்கின. வீதி அடைபட்டது. இன்றும் படகில் போகும்போது நிமிர்ந்து பார்த்தால், பாறை முகத்தில் அந்த இடம் மட்டும் வேறு நிறத்தில் தெரியும். மேலே குகைகளுக்குள் 12ஆம் நூற்றாண்டிலிருந்து ஒரு கோட்டை இருக்கிறது. பாறை உறுதியாக இல்லை என்று 2010இல் அதையும் மூடினார்கள். உம்மைப் பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. ஊர்க் கிழவர்களோடு பேசும்போது அந்த ஜனவரியைப் பற்றிச் சும்மா கேட்டுவிடாதீர் என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆறு மட்டும் சாதுவா? பிரான்ஸும் இங்கிலாந்தும் மோதிய நூறாண்டுப் போர்க்காலத்தில் இதுதான் எல்லைக்கோடு. சற்றுக் கீழே வடகரையில் பெய்னாக் கோட்டை பிரெஞ்சு மன்னர் பக்கம். எதிர்க்கரையில் காஸ்தெல்நோ பெரும்பாலும் ஆங்கிலேயர் பக்கம். ஒரு கோட்டையின் மதிலில் ஏறினால் மற்றதன் மதில் தெரியும். 1453இல் அந்தப் போரை முடித்து வைத்த சண்டை நடந்ததும் இதே ஆற்றோரம்தான், வெகு கீழே காஸ்தியோனில். இப்போது ஆங்கிலேயர் திரும்பி வந்து வீடு வாங்கிக் குடியிருக்கிறார்கள். சந்தையில் பிரெஞ்சுக்கு அடுத்து உம் காதில் விழப்போவது ஆங்கிலம்தான். கொழும்பில் படித்தது வீண்போகாது.

வீதிக்குக் கீழே தட்டையான அடியுள்ள மரப்படகுகள் கட்டிக் கிடக்கும். கபார் என்பார்கள். இன்று பயணிகளை ஏற்றி ஒரு மணி நேரம் சுற்றிக் காட்டுகிறார்கள். அந்தக் காலத்தில் மலைப்பக்கத்து ஓக் மரத்தை, பீப்பாய் செய்யும் பலகையை, போர்தோ பக்கத்து வைன்காரர்களுக்குக் கொண்டுபோனவை இவை. மலைப்பக்கத்திலிருந்து வெள்ளத்தோடு இறங்கிய படகுகள் பல திரும்பி ஏறியதே இல்லை. போய்ச் சேர்ந்த இடத்தில் படகையும் உடைத்து விறகாக விற்றுவிட்டுப் படகோட்டிகள் நடந்தே வீடு திரும்பினார்கள். 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரயில் வந்ததும் அந்தத் தொழில் படுத்தது. பிறகு மேலே அணைகளும் கட்டிவிட்டார்கள். பருவம் பார்த்துப் பிழைத்த ஊர் இன்றும் பருவம் பார்த்தே பிழைக்கிறது. சரக்கு மட்டும் மாறியிருக்கிறது.

ஊரின் பெரிய மனிதர் ஒருவரையும் அறிந்து வைத்திரும், முதலாளி சந்தோஷப்படுவார். ஜான் தார்த், 16ஆம் நூற்றாண்டில் அங்கே பிறந்த பாதிரியார். வரைபடம் வரைந்தவர், வானத்தைப் பார்த்தவர். 1614இல் புளோரன்ஸ் போய்க் கலிலியோவையே சந்தித்தவர். திரும்பி வந்து, சூரியனில் தெரியும் கரும்புள்ளிகள் உண்மையில் சிறு கிரகங்கள் என்று எழுதி, அவற்றுக்குப் பிரெஞ்சு அரச குடும்பத்தின் பெயரையும் சூட்டினார். அவை சூரியனிலேயே உள்ளவை என்று சொன்ன கலிலியோவைக் கண்ட பிறகும் இப்படியா என்று எனக்குத் தோன்றும். குடும்பத்தின் மாளிகை இன்னும் நிற்கிறது.

இனி உமக்கு வேண்டியது. பாறைக்கும் ஆற்றுக்கும் இடையில் புதுவீடு கட்ட இடமில்லை. இருப்பவற்றில் நிறைய கோடையில் பயணிகளுக்குத்தான். ஆகவே 'தங்குமிடம் உண்டு' என்று வாயால் சொன்னால் நம்பாதீர், எழுத்தில் வாங்கும். என் முதல் ஆண்டில் அப்படிச் சொன்ன முதலாளி, ஜூலை வந்ததும் என் அறையைப் பயணிகளுக்குக் கொடுத்துவிட்டு என்னைக் கொட்டகைக்குப் பக்கத்தில் ஒரு பழைய கரவான் வண்டிக்கு அனுப்பினார். மதிய வேலைக்கும் மாலை வேலைக்கும் நடுவே உள்ள இடைவெளியைக் குசினிக்காரர் 'கூப்பூர்' என்பார்கள். பாரிஸில் அந்த மூன்று மணி நேரம் மெத்ரோ ரயிலிலேயே போய்விடும். இங்கே ஆற்றில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு இருக்கலாம். அந்த ஒன்றுக்காகவே நான் இரண்டாம் ஆண்டும் போனேன்.

நவம்பர் வந்தால் கதை வேறு. பெரும்பாலான உணவகங்கள் ஈஸ்டர்வரை கதவடைக்கும். காலையில் ஆற்றுப்பனி வீதியை மூடும். சில ஆண்டுகளில் வெள்ளமும் வீதிக்கு ஏறும். வாடகை மலிவு என்று ஒரு மாரி முழுவதும் அங்கே தனியே இருந்து பார்த்தேன். பாண் வாங்கக்கூடக் கார் இல்லாமல் முடியாது. ஜனவரியில் ஒரு வாரம் நான் பேசிய ஒரே ஆள் தபால்காரர். ஆகவே சார்லாவில் அறை எடும், 12, 13 கிலோமீட்டர்தான். வைத்தியர், கடைகள், புதனும் சனியும் சந்தை எல்லாம் அங்கே இருக்கின்றன. ஓட்டுநர் உரிமத்தை முதலில் பாரும். இன்னொன்று: பாரிஸ் குசினிகளில் நம்மவரோடு நம் மொழியிலேயே காலம் தள்ளலாம், இங்கே முடியாது. ஆறு மாதத்தில் உமக்குப் பிரெஞ்சு வரும், தெற்கத்தி ராகத்தோடு. பாரிஸில் நம்மவர் கூடும் லாச்சப்பலில் பிள்ளையார் தேர் இழுக்கும் நாளில் நீர் வாத்துக்கால் வாட்டிக்கொண்டிருப்பீர், அதற்கும் மனதைத் தயார்படுத்தும்.

பாரிஸ் மொன்பர்னாஸ் நிலையத்தில் ரயில் ஏறிப் போர்தோவில் மாறினால் சார்லாதான் கடைசி நிலையம், தூங்கிப்போனாலும் தப்பாது. வரும்போது கறித்தூள் கொண்டு வாரும். ஊருக்குள் கிடைக்காது. எனக்கும் ஒரு கிலோ, யாழ்ப்பாணத் தூளாகப் பார்த்து.