கடையை மகன் பேருக்கு எழுதலாமா?

கேள்வி: திருப்பூரில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வாங்கிய ஓடி (ஓவர்டிராஃப்ட்) கடனுக்காக வீட்டுப் பத்திரம் பேங்கில் இருக்கிறது. மகனுக்கு வயது 19, அறிவுசார் குறைபாடு உள்ளவன். மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டோம். வீட்டை மகன் பேருக்கு செட்டில்மென்ட் எழுதி, கடையிலும் அவனைப் பார்ட்னராகச் சேர்க்கச் சொல்கிறார் பத்திரம் எழுதுபவர். கார்டியன் சர்டிபிகேட்டையும் அவரே வாங்கித் தருகிறாராம். 40,000 ரூபாய் கேட்கிறார். செய்யலாமா?

பதில்: செட்டில்மென்ட் வேண்டாம், பார்ட்னர்ஷிப் வேண்டாம். சர்டிபிகேட் வேண்டும், ஆனால் அந்த ஆள் மூலமாக வேண்டாம்.

பார்ட்னர்ஷிப் என்பது ஒப்பந்தம். என்னவென்று புரியாமல் ஒருவர் போடும் கையெழுத்துக்கு 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டத்தில் மதிப்பில்லை. 18 வயதுக்குக் கீழே என்றால் லாபத்தில் மட்டும் பங்கு கொடுத்துச் சேர்க்க வழி உண்டு. உங்கள் பையன் அந்த வயதைத் தாண்டிவிட்டான்.

செட்டில்மென்ட் இன்னும் மோசம். பத்திரமே பேங்கில் இருக்கும்போது எதை வைத்து எழுதச் சொல்கிறார்? எழுதிப் பதிந்துவிட்டால், நினைத்தபோது ரத்து செய்ய முடியாது. நாளைக்கு உங்கள் மனைவிக்கு ஒரு பெரிய ஆபரேஷன், வீட்டை விற்றால்தான் பணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீடு மகனுடையது, அவனால் கையெழுத்துப் போட முடியாது, அவனுக்காக நீங்கள் விற்பதென்றால் அது அவன் நன்மைக்குத்தான் என்று அதிகாரிகளுக்கோ கோர்ட்டுக்கோ காட்டியாக வேண்டும். எழுதிக் கொடுத்தவருக்கு ஃபீஸ் அன்றைக்கே போய்விடும். அப்புறம் அலைவது நீங்கள்தான்.

இப்போது சர்டிபிகேட். 18 முடிந்த பிறகு, பெற்றவர் என்பதாலேயே நீங்கள் சட்டப்படி கார்டியன் ஆகிவிடுவதில்லை. இது தெரியாத குடும்பங்களை வைத்துத்தான் புரோக்கர்கள் பிழைக்கிறார்கள். 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி, கலெக்டர் தலைமையிலான உள்ளூர்க் குழுதான் கார்டியனை நியமிக்கிறது. விண்ணப்பத்தை நீங்களும் மனைவியும் நேரில் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். குழு மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது கூட வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடப்பு வேறு, கலெக்டருக்கு வேறு கூட்டம் வந்தால் முதலில் தள்ளிப்போவது இதுதான். கொடுத்ததற்கு ரசீது வாங்குங்கள். மாதம் ஒருமுறை போய் நில்லுங்கள். புரோக்கர் காசு வாங்கிக்கொண்டு செய்யப்போவதும் அதே நிற்பதைத்தான்.

ஒன்று மட்டும் நன்றாகக் கவனியுங்கள். இந்தக் குழுவுக்கு ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்குத்தான் அதிகாரம். மனச்சிதைவு போன்ற மனநோய் மட்டும் உள்ளவருக்குக் குழு எதுவும் செய்ய முடியாது, கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும். 2017-ஆம் ஆண்டின் மனநலச் சட்டத்தில் பிரதிநிதி என்று ஒருவரை நியமிக்கலாம். அவர் சிகிச்சை விஷயத்துக்குத்தான், சொத்தைத் தொட முடியாது. இதைச் சொல்லாமலே காசு வாங்கிக்கொண்டு குழுவுக்கு மனு போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வருஷம் ஓடும், பிறகு 'நிராகரிக்கப்பட்டது' என்று ஒரு வரி வரும். உங்கள் மகன் அந்த நான்குக்குள் வருகிறான், ஆனாலும் அவனுடைய மாற்றுத்திறனாளி சான்றிதழில் அறிவுசார் குறைபாடு என்று தெளிவாக இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரிய ஆஸ்பத்திரியிலேயே தவறாக எழுதிவிடுகிறார்கள். அதைத் திருத்த மறுபடி வரிசை.

கார்டியன் ஆன பிறகு, அவன் பேரில் இருக்கும் சொத்து விவரத்தை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து மூன்று மாதத்துக்குள் வரவு செலவும் காட்ட வேண்டும். அவன் பேரில் சொத்தைக் குவிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

சரி, அவனுக்குப் பிடிமானம்? உயில் எழுதி, அதன் வழியாக ஒரு தனியார் டிரஸ்ட், அதாவது சொத்தை அவனுக்காக வேறு சிலர் வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஏற்பாடு. மகளும், சொத்தில் கண் இல்லாத இன்னொருவரும் டிரஸ்டிகள்; பயன் மட்டும் மகனுக்கு. உயிலுக்கு இரண்டு சாட்சி போதும், பதிவு கட்டாயமில்லை என்றாலும் பதிந்துவிடுங்கள். எல்லாவற்றையும் மகளுக்கே எழுதி, 'தம்பியைப் பார்த்துக்கொள்வாள்' என்று விட்டுவிடாதீர்கள். மகள் நல்லவளாகவே இருக்கட்டும், அவள் காலத்துக்குப் பிறகு அந்த வீடு மாப்பிள்ளைக்கும் பேரப்பிள்ளைகளுக்கும்தான். உங்களுக்குப் பிறகு கார்டியனாக யார் வேண்டும் என்பதையும் உயிலில் எழுதுங்கள். நியமிப்பது குழுதான் என்றாலும் உங்கள் விருப்பம் பதிவாகியிருக்கும்.

கடையின் ஜிஎஸ்டி உங்கள் பான் எண்ணோடு சேர்ந்தது. உங்களுக்குப் பிறகு கடையை நடத்துகிறவர் புதிதாகப் பதிய வேண்டும். கம்பெனி ஆக்கினால் கடன் வீட்டைத் தொடாது என்று ஆடிட்டர் சொல்லலாம். பேங்க் உங்கள் தனி ஜாமீனைக் கேட்கும், வீடு அங்கேயேதான் நிற்கும்.

அதனால் டிரஸ்டுக்கும் முன்னால் ஓடி கடனை முடித்து வீட்டை வெளியே எடுங்கள். பத்திரம் கைக்கு வந்தால் மட்டும் போதாது. அடமானம் தீர்ந்ததற்கான ரசீதை சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்து, வில்லங்கச் சான்றிதழில் அது ஏறிய பிறகு உயிலை எழுத உட்காருங்கள்.