அலமாரியில் சாகும் பைனாகுலர்கள்: கேள்வி பதில்

எங்கள் ஞாயிற்றுக்கிழமைப் பறவை நடை பெரும்பாக்கம் ஏரிக்கரையில் முடிந்து டீக்கடையில் உட்கார்ந்தால், ஐந்தாவது நிமிடத்தில் பேச்சு பறவையை விட்டுப் பைனாகுலருக்குத் தாவிவிடும். ஒரு கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் 26 ஆண்டுகள் லென்ஸும் பட்டகமும் துடைத்து அடுக்கியவள் என்பதால் எல்லாத் தலைகளும் என் பக்கம் திரும்பும். டீ ஆறிப்போகிறது. ஆகவே இந்த முறை கேள்விகளை எழுதித் தரச் சொன்னேன். முக்கால்வாசித் தாள்களில் இருந்தது ஒரே கேள்விதான்: நீடித்து உழைப்பது எது?

வேளச்சேரி, கல்லூரி மாணவி: அக்கா, 8×42, 10×42, 10×25 என்றெல்லாம் போட்டிருக்கிறார்கள். எண் பெரிதாக இருந்தால் நல்லதுதானே? மலைக்கும் சதுப்பு நிலத்துக்கும் ஒன்றே போதுமா?

முதல் எண், எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது. இரண்டாவது, முன்பக்க லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். இரண்டாவதை முதலாவதால் வகுத்துப் பாருங்கள். 8×42க்கு 5.25 வரும்; 10×42க்கு 4.2; 10×25க்கு வெறும் 2.5. கண்ணருகே வந்து விழும் ஒளிவட்டத்தின் அகலம் அது. பைனாகுலரைக் கை நீட்டிப் பிடித்து வெளிச்சத்தைப் பார்த்தால் கண் வைக்கும் பக்கத்தில் அந்த வட்டம் தெரியும். நடுப்பகலில் நம் கண்ணின் பாப்பா சுருங்கியிருக்கும், 2.5 போதும். அதிகாலையிலும் சோலைக்காட்டு நிழலிலும் அது விரியும்போது சின்ன வட்டம் இருட்டடிக்கும். விலங்குகள் வெளியே வருவதோ அந்த நேரத்தில்தான்.

மடங்கு கூடினால் கை நடுக்கமும் அதே மடங்கில் கூடும், காட்சிப் பரப்பும் சுருங்கும். 1000 மீட்டர் தொலைவில் நல்ல 8 மடங்குக் கருவி சுமார் 130 மீட்டர் அகலத்தைக் காட்டினால், 10 மடங்கு சுமார் 110தான் காட்டும். மேடேறி மூச்சு வாங்கும்போது, கிளைக்குக் கிளை தாவும் குருவியைத் துரத்திப் பிடிக்க அந்த 20 மீட்டர் பெரிய விஷயம். பள்ளிக்கரணையில் சாலையோரம் நின்று தொலைவிலுள்ள உள்ளான்களை இனம்பிரிக்க 10 உதவும், மறுக்கவில்லை. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 8×42. முதுகுப்பை கனக்கிறது என்றால் 8×32. பத்துக்கு மேல் போனால் முக்காலியையும் சேர்த்துத் தூக்க வேண்டும்.

பல்லாவரம்: நடைபாதைக் கடையில் 30×60, இரவிலும் தெரியும் என்கிறார்கள். லென்ஸ் செக்கச்செவேல் என்று இருக்கிறது.

வேண்டாம். அந்தச் சிவப்புப் பூச்சு சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே பார்த்தால் உலகம் பச்சையாக, மங்கலாகத் தெரியும். 30 மடங்கைக் கையில் பிடித்து யாராலும் பார்க்க முடியாது.

பெசன்ட் நகர், பணி ஓய்வு பெற்ற அதிகாரி: மேடம், மகன் வெளிநாட்டிலிருந்து விலையுயர்ந்த கருவி ஒன்று அனுப்பினான். தோல் உறையோடு அலமாரியில் பத்திரமாக வைத்திருந்தேன். இரண்டு ஆண்டு கழித்து எடுத்தால் உள்ளே சிலந்தி வலை போல இருக்கிறது.

ஐயா, அது பூஞ்சை. கீழே போட்டு உடைந்த பைனாகுலர்களைவிடப் பத்திரமாக வைத்துப் பாழான பைனாகுலர்களையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன். கடைக்காரர் ரப்பர் கவசத்தைத் தட்டிக்காட்டி உறுதி என்பார். சென்னையில் அதைக் கொல்வது பாறை அல்ல, காற்றிலிருக்கும் ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் உப்புச் சாடியே கசியும் ஊர் இது. ஈரம், இருட்டு, அசையாத காற்று மூன்றும் சேர்ந்த இடம் அலமாரி. தோல் உறை ஈரத்தை உறிஞ்சித் தன்னிடமே வைத்துக்கொள்ளும். பூஞ்சை வெளியிடும் அமிலம் லென்ஸின் பூச்சை அரித்துவிடும். அதன்பின் பூஞ்சையைத் துடைத்தெடுத்தாலும் தழும்பு போகாது. உங்களுடையதில் வலை ஓரத்தில் மட்டும் இருந்தால் காட்சியில் பெரிய குறை தெரியாது. நல்ல பழுதுபார்ப்பவரிடம் இப்போதே கொடுங்கள், நீங்களே திறக்காதீர்கள்.

இனி வைக்கும் முறை. சமையலறையில் இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பா ஒன்றை எடுங்கள் (வீட்டில் கேட்டுவிட்டு). சிலிக்கா ஜெல் பொட்டலங்களும், ஈரப்பதம் காட்டும் சிறு மீட்டர் ஒன்றும் உள்ளே போடுங்கள். மீட்டர் 40க்கும் 50க்கும் இடையில் நின்றால் நிம்மதி. 60ஐத் தாண்டினால் ஜெல்லை மாற்றுங்கள். நிறம் மாறும் ஜெல் என்றால் அதுவே சொல்லிவிடும். மிதமான சூட்டில் உலர்த்தினால் திரும்பப் பயன்படும். அரிசியில் புதைக்க வேண்டாம், மாவுத்தூள் கீல்களில் ஏறும். நடையிலிருந்து வந்தவுடன் நனைந்த கருவியை டப்பாவில் அடைக்கவும் கூடாது; ஓர் இரவு மின்விசிறிக்கடியில் உலரட்டும்.

இதையெல்லாம்விடச் சுலபமான வைத்தியம், வாரம் ஒரு முறை எடுத்துக்கொண்டு எங்களோடு வருவது.

அம்பத்தூர்: "வாட்டர் ரெசிஸ்டன்ட்", "வாட்டர்ப்ரூஃப்" இரண்டும் ஒன்றா? ஆடி மாதம் வால்பாறை போகிறோம்.

ஒன்றல்ல. முன்னது தூறலைத் தாங்கும், அவ்வளவே. பின்னதில் ஐபிஎக்ஸ்7 என்று குறிப்பிட்டிருந்தால், 1 மீட்டர் ஆழத் தண்ணீரில் 30 நிமிடம் கிடந்தாலும் உள்ளே நீர் புகக் கூடாது என்பது அளவுகோல். கூடவே "நைட்ரஜன் நிரப்பியது" என்ற வரியையும் தேடுங்கள். சில நிறுவனங்கள் ஆர்கான் நிரப்பும், நமக்கு இரண்டும் ஒன்றுதான். ஈரமில்லாத வாயு உள்ளே அடைபட்டிருப்பதால் குளிர்ந்த காரிலிருந்து புழுக்கத்துக்குள் இறங்கும்போது உட்புறம் பனி படியாது. வெளிப்புறம் படியத்தான் செய்யும், இரண்டு நிமிடம் பொறுங்கள். உள்ளே பூஞ்சை புகாமல் காப்பதும் இதே அடைப்புதான். வால்பாறைக்குப் போகாவிட்டாலும் சென்னைக்காரர்களுக்கு இது தேவை என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான்.

அதே மாணவி: அக்கா, என்னிடம் 8,000 ரூபாய்தான் இருக்கிறது.

இங்கேதான் சிக்கல். குறைந்த விலையில், தோள் அகன்ற பழைய பாணி போரோ பட்டகக் கருவி, குழாய் போல நேராக இருக்கும் ரூஃப் பட்டகக் கருவியைவிடத் தெளிவாகக் காட்டும். ரூஃப் பட்டகத்தை மிக நுணுக்கமாகச் செதுக்க வேண்டும், தனிப் பூச்சும் பூச வேண்டும். மலிவாகச் செய்தால் காட்சி சோர்ந்துவிடும். ஆனால் மலிவான போரோக்களில் பெரும்பாலானவை அடைப்பில்லாதவை, கடற்கரை ஊரில் மூச்சுக்கு மூச்சு ஈரம் குடிப்பவை. டப்பா ஒழுக்கம் உங்களிடம் உண்டு என்றால் போரோ வாங்குங்கள். இல்லையென்றால் இன்னும் சில மாதம் சேர்த்து அடைப்புள்ள 8×42 ரூஃப் வாங்குங்கள். நான் காத்திருக்கத்தான் சொல்வேன். எதை எடுத்தாலும் விவரத்தாளில் பட்டகக் கண்ணாடி பேக்-4 என்றும், எல்லாக் கண்ணாடிப் பரப்பிலும் பல அடுக்குப் பூச்சு என்றும் இருக்கிறதா பாருங்கள். மடங்கை மாற்றும் ஜூம் வகை வேண்டாம். அசையும் உறுப்பு கூடக் கூடக் கோளாறும் கூடும்.

தாம்பரம்: நாகலாபுரம் மலையில் பாறைமேல் விழுந்தது. கீறல்கூட இல்லை, ஆனால் பத்து நிமிடம் பார்த்தால் தலைவலி.

உள்ளே பட்டகம் நகர்ந்திருக்கும். மொட்டை மாடியிலிருந்து தூரத்து மின்கம்பி ஒன்றைப் பாருங்கள். பார்த்தபடியே கருவியை மெல்லக் கண்ணிலிருந்து விலக்குங்கள். இரு வட்டங்களிலும் கம்பி ஒரே உயரத்தில் ஓட வேண்டும். ஒன்றில் மேலும் ஒன்றில் கீழுமாக இருந்தால் இரு குழாய்களும் ஒரே திசையைப் பார்க்கவில்லை என்று பொருள். உங்கள் கண் தசைகள் அதை இழுத்துச் சேர்க்கப் பாடுபடுகின்றன, வலி அதனால். கடையில் வாங்கும்போதே, பழையது வாங்கினால் கட்டாயமாக, இந்தச் சோதனையைச் செய்யுங்கள். அடுத்த மலைக்குக் கழுத்துப் பட்டையை விட்டுவிட்டு, தோள்களில் மாட்டும் நான்கு முனைப் பட்டையோடு போங்கள். குனியும்போது கருவி ஊஞ்சலாடிப் பாறையில் மோதாது.

நங்கநல்லூர்: மூக்குக் கண்ணாடியோடு பார்த்தால் நடுவில் சின்ன வட்டம் மட்டும் தெரிகிறது.

கண்ணருகே உள்ள ரப்பர் கிண்ணத்தைக் கீழே திருகி இறக்குங்கள். பாதிப் பேருக்கு அது திருகும் என்பதே தெரியாது. அப்படியும் வட்டம் விரியவில்லை என்றால் கருவியின் ஐ ரிலீஃப், அதாவது கண்ணை எவ்வளவு தள்ளி வைத்தும் முழு வட்டமும் தெரியும் என்ற தூரம், போதவில்லை. கண்ணாடி போடுபவர்களுக்கு அது 16 மில்லிமீட்டராவது வேண்டும்.

மயிலாப்பூர்: பழவேற்காட்டில் படகில் போய்ப் பூநாரை பார்த்தோம். லென்ஸில் உப்புத் திவலை. புடவைத் தலைப்பால் துடைத்தேன்...

அந்த மூன்று புள்ளிகளிலேயே நீங்கள் ஒப்புக்கொண்டுவிட்டீர்கள், அம்மா. உப்பும் மணலும் கண்ணாடிமேல் உப்புத்தாள் போல வேலை செய்யும். முதலில் ஊதுபந்தால் ஊதுங்கள், பின் மெல்லிய தூரிகை, கடைசியில்தான் மைக்ரோஃபைபர் துணி. அடைப்புள்ள கருவி என்றால் நல்ல தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவலாம். அடைப்பில்லாததை ஒருபோதும் கழுவாதீர்கள்.

மடிப்பாக்கம்: ஏழு வயதுப் பேரனைக் கிண்டி தேசியப் பூங்காப் பக்கம் அழைத்துப்போய் வெளிமான் காட்ட வேண்டும். என்னுடையதையே கொடுக்கலாமா?

குழந்தையின் இரு கண்களும் நெருக்கமானவை. பெரிய கருவிகள் பலவற்றை அவ்வளவு மடக்க முடியாது. அவன் ஒற்றைக் கண்ணால் பார்த்துவிட்டு "தெரிகிறது" என்று உங்களைத் திருப்திப்படுத்துவான். 6 அல்லது 8 மடங்கில், இரட்டைக் கீல் உள்ள சிறிய கருவி வாங்கிக் கொடுங்கள். கீழே போடட்டும், திட்டாதீர்கள். ஒன்றில் மட்டும் கண்டிப்பு வேண்டும்: சூரியனைப் பார்க்கவே கூடாது. மெரினாவில் உதயம் பார்க்கும்போதும் கூடாது. நொடியில் பார்வை போகும்.

பெயர் எழுதாத தாள்: அடுத்த ஞாயிறு உங்கள் பைனாகுலரை ஒரு மணி நேரம் இரவல் தருவீர்களா?

தருவேன். பட்டையைக் கழுத்தில் மாட்டியதை நான் பார்த்த பிறகுதான் கையை எடுப்பேன். கையெழுத்தை வைத்து யார் என்று கண்டுபிடித்துவிட்டேன். போன வருடம் இரவல் வாங்கிய என் குடை இன்னும் உங்கள் வீட்டில் இருக்கிறது.