கேள்வித்தாளும் கட்டற்ற மென்பொருளும்

அன்புள்ள ஐயா,

நானும் நண்பர்களும் சேலத்தில் கட்டற்ற மென்பொருளைப் பரப்பும் வேலை செய்கிறோம். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபரோடு முடிந்தது. பழைய கணினிகளைத் தூக்கிப்போடாதீர்கள், லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் போட்டுத் தருகிறோம் என்று அஸ்தம்பட்டியில் ஒரு முகாம் வைத்தோம். வந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே எங்களுக்குத் தெரிந்தவர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டி.டி.பி. கடைக்காரர், "கெட்டுப்போனா யாரைக் கேக்கறதுங்க தம்பி?" என்று அனுப்பிவிட்டார். ஏற்காட்டில் ஒரு பள்ளியில் எல்லாக் கணினிகளுக்கும் போட்டுக் கொடுத்து, கட்டற்ற மென்பொருள் தரும் நான்கு சுதந்திரங்களை (பயன்படுத்த, படித்து மாற்ற, பகிர, மாற்றியதைப் பகிர) பற்றி ஒரு மணி நேரம் பேசிவிட்டும் வந்தோம். மூன்று மாதம் கழித்துப் போனால் திரும்பவும் திருட்டு விண்டோஸ். "தமிழ்ல கேள்வித்தாள் அடிக்க முடியல சார், பிரிண்டரும் எடுக்கல" என்றார் ஆசிரியை. இலவசமாகக் கொடுத்தும் ஏன் மறுக்கிறார்கள்? நம் மக்களுக்கு விடுதலையில் அக்கறையே இல்லையா?

ஒரு வாசகர், சேலம்

அன்புள்ள நண்பருக்கு,

அந்த ஆசிரியை சொன்னதை நீங்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். எனக்கு அது ஒரு நல்ல பிழையறிக்கையாகத் தெரிகிறது. என்ன வேலை, எங்கே நின்றது, எந்தக் கருவி ஒத்துழைக்கவில்லை, எல்லாம் ஒரே வாக்கியத்தில் இருக்கிறது. இதையே உங்கள் குழுவில் இருக்கும் ஒரு நிரலர் சொல்லியிருந்தால் அன்றிரவே உட்கார்ந்து சரிசெய்திருப்பீர்கள். ஆசிரியை சொன்னதும் நாட்டு மக்களின் விடுதலை உணர்வைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள்.

அவர் தட்டச்சுப் பயிலகத்தில் லோயர், ஹையர் முடித்தவராக இருக்கலாம். நம் பக்கத்து ஆசிரியர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். லினக்ஸில் தமிழ் அடிக்க உதவும் ஐபஸ்ஸோடு எம்17என் தொகுப்பைச் சேர்த்தால் தமிழ்99 விசைப்பலகை மட்டுமில்லை, பழைய தட்டச்சு முறையும் வரும். அதை நிறுவி, எந்த விசையை அழுத்தினால் தமிழுக்கு மாறும் என்று காட்டி, ஒரு பக்கம் அவரையே அடிக்க வைத்திருக்க வேண்டும். அவருடைய பழைய கேள்வித்தாள்கள் பாமினியிலோ வானவில்லிலோ இருந்திருந்தால், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை வெறும் ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். வருடக்கணக்காகச் சேர்த்துவைத்த வேலை ஒரே நாளில் படிக்க முடியாததாகிவிட்டால், யாராக இருந்தாலும் பழையதற்குத்தான் திரும்புவார்கள். அவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தருவதற்குக் கருவிகள் இருக்கின்றன. உங்கள் ஒரு மணி நேரத்தை அதற்குக் கொடுத்திருக்கலாம்.

இந்த இயக்கமே பிரிண்டரில் தொடங்கியது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வகத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் பிரிண்டரில் அடிக்கடி தாள் சிக்கும். சிக்கினால் பயனர்களுக்குச் செய்தி போகிற மாதிரி நிரலை மாற்ற நினைத்தார் அங்கே நிரலராக இருந்த ரிச்சர்ட் ஸ்டால்மன். மூலநிரல் கைக்கு வரவில்லை. வைத்திருந்த ஒருவரும், தரமாட்டேன் என்று ஒப்பந்தம் போட்டிருப்பதாகச் சொல்லிவிட்டார். 1983இல் ஸ்டால்மன், கட்டற்ற இயங்குதளம் ஒன்றை உருவாக்கும் குனு திட்டத்தை அறிவித்ததற்குப் பின்னால் இந்தக் கோபமும் இருக்கிறது. வேலை முதலில் நின்றது, கொள்கை அப்புறம் வந்தது. நாம் ஏற்காட்டுக்குப் போய்க் கொள்கையைச் சொல்லிவிட்டு, பிரிண்டரைப் பார்க்காமல் மலையிறங்குகிறோம்.

இலவசம் என்ற வாதத்தை இன்றோடு விட்டுவிடுங்கள். கணினி வாங்கும்போதே கடைக்காரர் விண்டோஸைச் சும்மா ஏற்றிக் கொடுத்துவிடுகிற ஊர் இது. நீங்கள் எந்த விலையைக் குறைத்துக் காட்டுவீர்கள்? அதைத் திருட்டு என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்வதும் உதவாது. அதுவரை உங்களைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தவர் அந்தச் சொல்லுக்குப் பிறகு உங்களிடமிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்கிவிடுவார்.

செவ்வாய்ப்பேட்டைக்காரரிடம் இன்னொரு முறை போங்கள். விண்டோஸைத் தொடாதீர்கள். "பழைய பேஜ்மேக்கர் ஃபைல் ஏதாச்சும் திறக்காம கெடக்குதுங்களாண்ணா?" என்று கேளுங்கள். பக்கம் வடிவமைக்கும் மென்பொருளான பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பு 2001இல் வந்தது. அதைச் செய்த அடோபி நிறுவனத்தின் இன்றைய இன்டிசைனே அந்தக் கோப்புகளைத் திறக்காது. லிப்ரெ ஆபிஸ் என்ற கட்டற்ற அலுவலகத் தொகுப்பில் உள்ள ட்ரா திறக்கும். வடிவமைப்பு அங்கங்கே கலையலாம், ஆனால் பழைய பத்திரிகையின் உள்ளடக்கம் கைக்கு வந்துவிடும். ட்ரா விண்டோஸிலேயே ஓடும். தன் கையால் செய்த கோப்பு தனக்கே திறக்கவில்லை என்பது அவர் நேரில் பட்ட அனுபவம். இரண்டாவது சுதந்திரம், மூன்றாவது சுதந்திரம் என்றெல்லாம் எண்ணிக்கொண்டிருக்காமல், அந்தக் கோப்பு திறந்த நிமிடத்தில் பேசுங்கள். காது கொடுத்துக் கேட்பார்.

அவரிடம் பொய் சொல்லாமல் இருப்பதும் முக்கியம். பேஜ்மேக்கருக்குப் பதில் ஸ்கிரைபஸ் என்ற கட்டற்ற மென்பொருள் இருக்கிறதே என்று நம்மவர்கள் வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். அந்த நாட்களில் ஸ்கிரைபஸில் தமிழ் ஒழுங்காகவே வராது. கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று நிற்கும். 2017இல் வந்த 1.5.3 சோதனைப் பதிப்பில்தான் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் நிரல்பகுதியை மாற்றினார்கள். அந்த வசதியோடு நிலையான பதிப்பான 1.6 வந்தது 2024 ஜனவரியில். நடுவில் நம் பேச்சை நம்பி முயன்று பார்த்துக் கையைச் சுட்டுக்கொண்ட டி.டி.பி.காரர்களை யார் திரும்பக் கூட்டிவருவது? வராததை வராது என்று சொல்கிறவனிடம்தான், வரும் என்று அவன் சொல்வதையும் நம்புவார்கள். லீ பஜாரில் டேலியில் ஜி.எஸ்.டி. கணக்குப் பார்க்கிற வியாபாரியிடம், அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல உங்களுக்குத் துணிவு வேண்டும்.

ஸ்கிரைபஸில் தமிழைச் சரியாக்கியது ஹார்ஃப்பஸ் என்ற கட்டற்ற நிரல். ஆண்ட்ராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெ ஆபிஸ் எல்லாவற்றிலும் எழுத்துகளைக் கோத்துத் தருவது அதுதான். கொலுசுப் பட்டறைக்காரர் தன் ஆண்ட்ராய்டு கைபேசியில் தமிழ்ச் செய்தி படிக்கிறார் என்றால், கட்டற்ற மென்பொருள் ஏற்கெனவே அவரிடம் வந்து சேர்ந்துவிட்டது. இவ்வளவு பெரிய சாதனையைச் சொல்லாமல், நீங்கள் அடிமையாக இருக்கிறீர்கள் என்று நம் துண்டறிக்கைகள் ஏன் தொடங்குகின்றன? எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

2011இல் தொடங்கிய தமிழக அரசின் மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவிலேயே உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் திறந்து பார்த்த பிள்ளைகள் எத்தனை பேரை உங்களுக்குத் தெரியும்? கேரளப் பள்ளிகளில் லினக்ஸ் நிலைத்தது ஆசிரியர்களால். அவர்களுக்குத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தார்கள், பாடமும் தேர்வும் அதிலேயே நடந்தன. நம் பக்கம் வட்டில் ஏற்றிக் கொடுத்ததோடு கடமை முடிந்தது. உங்கள் முகாமும் அப்படித்தான் நடந்திருக்கிறது.

"யாரைக் கேக்கறதுங்க தம்பி?" இதற்கு நேரான பதில் வேண்டும். மன்றத்தில் கேளுங்கள், கையேட்டைப் படியுங்கள் என்பதெல்லாம் முகூர்த்த நாளுக்கு முன்னால் பத்திரிகை கொடுத்தாக வேண்டியவருக்குப் பதிலாகாது. உங்களில் ஒருவர் பணம் வாங்கிக்கொண்டு அந்தப் பொறுப்பை ஏற்க வேண்டும். இதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. 1985 வாக்கில் ஸ்டால்மன், தான் எழுதிய ஈமேக்ஸ் என்ற உரைத்தொகுப்பியைக் காந்த நாடாவில் பதிந்து 150 டாலருக்கு விற்றுத்தான் வாழ்ந்தார். மாதாமாதம் ஒரு தொகை பேசிக்கொள்ளுங்கள், கூப்பிட்டால் போங்கள். சனி, ஞாயிறு மட்டும் கிடைக்கிற தொண்டரைவிட, காசு வாங்கிக்கொண்டு செவ்வாய்க்கிழமை காலையில் வந்து நிற்கிறவரைத்தான் கடைக்காரர் நம்புவார்.

ஏற்காட்டுப் பள்ளிக்கு மறுபடி போவதாக இருந்தால், முதலில் அந்த ஆசிரியைக்குத் தொலைபேசுங்கள். பிரிண்டரின் மாடல் எண்ணையும், பழைய கேள்வித்தாள் கோப்பு ஒன்றையும் அனுப்பச் சொல்லுங்கள். அந்தப் பிரிண்டர் லினக்ஸில் ஓடாது என்று தெரிந்தால் அதையும் அப்போதே சொல்லிவிடுங்கள். ஒரேயொரு கணினிக்கு மட்டும், அவர் சம்மதித்தால், லினக்ஸ் போடுங்கள். மற்றவை இருக்கிறபடி இருக்கட்டும். அடுத்த தேர்வுக்கான கேள்வித்தாளை அவர் அதில் அடித்து, அச்செடுத்து முடிக்கிறவரை கூடவே இருந்துவிட்டு இறங்குங்கள்.

அன்புடன்