யன்னலும் தெரிய வேண்டும், அறையும் தெரிய வேண்டும்

வாசகர் கேள்வி – பதில்

வீடு விற்கவும் வாடகைக்கு விடவும் எடுக்கும் உட்புறப் படங்கள் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

கேள்வி: கடல் பக்கம் பார்த்த தொடர்மாடி வீடுகளைப் படமெடுத்துக் கொடுக்கிறேன். அறைக்கு ஏற்ப வெளிச்சம் வைத்தால் யன்னல் வெள்ளைத் தாளாகிவிடுகிறது. கடலுக்கு வைத்தால் அறை இருண்டுவிடுகிறது. வெவ்வேறு வெளிச்ச அளவில் ஐந்து படம் எடுத்து, அவற்றை ஒன்றாக்கும் எச்.டி.ஆர். முறையில் சேர்த்தால் இரண்டும் தெரிகின்றன. ஆனால் வெள்ளைச் சுவர் சாம்பல் பூசியதுபோல் அழுக்காக வருகிறது. எங்கே பிழை?
– புகைப்படப்பிடிப்பாளர், வெள்ளவத்தை

பதில்: ஒரே சுவரில் இரண்டு நிற வெளிச்சம் விழுவதுதான் காரணம். யன்னலால் வருவது வானத்தின் நீலம். கூரையில் எரியும் வோர்ம் வைட் குமிழ் 3000 கெல்வின் அளவிலான மஞ்சள். யன்னலோரம் நீலமாகவும் உள்ளே போகப் போக மஞ்சளாகவும் இருக்கும் சுவரை நம் கண் வெள்ளையென்றே பார்த்துவிடும். கமரா உள்ளபடி பதியும். எச்.டி.ஆர். நிழலை உயர்த்தி, வெளிச்சத்தை இறக்கி, எல்லாவற்றையும் நடு அளவுக்கு இழுக்கிறது. அந்த இழுவையில் வெள்ளை சாம்பலாகிறது. அடங்கிக் கிடந்த நிறக் கலப்பும் மேலே வந்துவிடுகிறது. ஐந்துக்குப் பதில் ஒன்பது படம் சேர்த்தாலும் இதுதான் நடக்கும்.

அறைக்குள் ஒரே நிறத்தில் ஒரு வெளிச்சத்தை நீங்களே கொண்டுபோக வேண்டும். அதாவது ஃபிளாஷ். மூன்று படம் போதும். முதலில் அறையின் எல்லாக் குமிழ்களையும் அணையுங்கள். கமராவை ட்ரைபொட்டில் ஏறத்தாழ நாலடி உயரத்தில் மட்டம் பார்த்து நிறுத்துங்கள். மூன்று படத்துக்கும் லென்ஸின் திறப்பு எஃப்/8 தான். ஃபோகஸை ஒருமுறை பிடித்து மனுவலுக்கு மாற்றிவிடுங்கள்.

முதற் படம் இயற்கை வெளிச்சத்தில்: ஐ.எஸ்.ஓ. (கமராவின் ஒளியுணர்வு) 100, ஷட்டர் (ஒளி விழும் நேரம்) அறையைப் பொறுத்து 1/4 நொடிக்குக் கிட்ட. யன்னல் வெளுத்தாலும் கவலை வேண்டாம்.

இரண்டாவது, ஃபிளாஷ் படம். ஐ.எஸ்.ஓ.வை 400 ஆக்கி, ஷட்டரை 1/160 ஆக்குங்கள். ஷட்டர் வேகம் ஃபிளாஷின் அளவை மாற்றாது, பகல் வெளிச்சத்தைத்தான் குறைக்கும். ஆகவே இந்தப் படத்தில் கிட்டத்தட்ட ஃபிளாஷ் வெளிச்சம் மட்டுமே இருக்கும். ஃபிளாஷைக் கமராவுக்குப் பின்னால், சுவரும் சீலிங்கும் சந்திக்கும் மூலையை நோக்கித் திருப்பி அடியுங்கள். 12 அடிக்கு 14 அடி அறையென்றால் சாதாரண ஃபிளாஷில் அரைவாசிச் சக்தியில் தொடங்கிப் பார்க்கலாம். பெரிய ஹோலுக்கு அது போதாது, கொடொக்ஸ் ஏ.டி.200 போன்ற 200 வாட்-செக்கன் ஃபிளாஷ் வேண்டும். அல்லது சிறிய ஃபிளாஷையே இரண்டு மூன்று இடத்தில் வைத்துத் தனித்தனியே அடித்து, பிறகு ஃபொட்டோஷொப்பின் லைட்டன் முறையில் (பிரகாசமான பகுதியை மட்டும் எடுக்கும் முறை) சேர்க்கலாம்.

மூன்றாவது, யன்னலுக்கான படம். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். நல்ல வெயிலில், ஐ.எஸ்.ஓ. 100 இல், வெளிக்காட்சிக்கு எஃப்/16 உம் 1/100 உம் சரியான அளவு. எஃப்/8 என்றால் 1/400. ஆனால் பெரும்பாலான கமராக்களில் ஃபிளாஷ் 1/200 அல்லது 1/250 வரைதான் ஒத்துழைக்கும். எனவே ஐ.எஸ்.ஓ.வைத் திரும்ப 100 க்குக் கொண்டுவந்து 1/200 இல் எடுங்கள். வெளிக்காட்சி ஒரு ஸ்டொப் (வெளிச்சம் இரு மடங்கு) கூடுதலாக விழும். அதுதான் நமக்கும் வேண்டும். அறைக்குள் நிற்பவர் கண்ணுக்குக் கடல் எப்போதும் அறையைவிடப் பிரகாசமாகவே தெரியும். இருட்டாகப் பதிந்த கடல், சுவரில் ஒட்டிய கலண்டர் படம் போலிருக்கும். ஐ.எஸ்.ஓ. 400 ஐ மாற்ற மறந்தால் யன்னல் இன்னும் இரண்டு ஸ்டொப் வெளுத்து, மீட்க முடியாமல் போகும். இந்தப் படத்தில் ஃபிளாஷை யன்னல் சட்டத்தையும் திரைச்சீலையையும் நோக்கி நேரே, பக்கவாட்டில் இருந்து அடியுங்கள்.

ஃபொட்டோஷொப்பில் ஃபிளாஷ் படம் கீழே. அதன்மேல் இயற்கை வெளிச்சப் படம், லுமினோசிட்டி முறையில், 50 முதல் 70 வீத ஒபேசிட்டி (மேற்படம் தெரியும் அளவு). நிறம் ஃபிளாஷ் படத்தில் இருந்து வரும், நிழலும் ஒளியும் இயற்கைப் படத்தில் இருந்து வரும். எல்லாவற்றுக்கும் மேலே யன்னல் படம், டார்க்கன் முறையில், யன்னலைச் சுற்றி மட்டும் மாஸ்க் (மற்ற இடங்களை மறைக்கும் திரை). டார்க்கன் முறை கீழே உள்ளதைவிட இருண்ட பகுதியை மட்டுமே காட்டும். நேரே அடித்த ஃபிளாஷால் சட்டமும் கிரில்லும் பிரகாசமாகிவிட்டதால் அவை மறைந்து, கடலும் வானமும் மட்டும் உள்ளே வருகின்றன. கிரில் கம்பி ஒவ்வொன்றையும் சுற்றி வெட்டத் தேவையில்லை. சட்டத்தின் ஓரம் கறுத்து வந்தால் ஃபிளாஷ் அங்கே போதவில்லை என்று பொருள். மாஸ்க்கைத் திருத்தி நேரத்தை வீணாக்காமல், சக்தியைக் கூட்டித் திரும்ப எடுங்கள்.

இன்னும் இரண்டு விடயம். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கடற்கரைப் பக்க யன்னல் கண்ணாடிகளில் உப்புப் படிந்திருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தப் படலம் ஃபிளாஷ் பட்டதும் பனிமூட்டமாக எழும். ஈரத்துணியால் துடையுங்கள், அல்லது தள்ளுகதவைத் திறந்துவிட்டு எடுங்கள். அடுத்தது நேரம். இந்த வீடுகள் மேற்குப் பார்த்தவை. காலை 8 முதல் 10 மணிவரை சூரியன் கட்டடத்துக்குப் பின்னால் நின்று கடலுக்கு வெளிச்சம் போடும். கடல் நீலமாக இருக்கும். மூன்று மணிக்குப் பிறகு வெயில் அறைக்குள் பாய்ந்து தரையில் வெள்ளைக் கோடு போட்டுவிடும். வீட்டுக்காரர் பின்னேரம் வரச் சொன்னால், காலையில் வர அனுமதி கேளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கேள்வி: எங்கள் பழைய வீட்டுக்குப் பலகை சீலிங், பச்சைச் சுவர், சிவப்புச் சீமெந்துத் தரை. ஃபிளாஷைச் சீலிங்கில் அடித்தால் படம் முழுக்கச் செம்மஞ்சளாகிறது. வைட் பலன்ஸை (வெள்ளை வெள்ளையாகத் தெரிய நிறத்தைச் சரிசெய்யும் அமைப்பு) திருத்தினால் சுவரின் பச்சை கெட்டுவிடுகிறது.
– வாசகர், கொட்டாஞ்சேனை

பதில்: வெளிச்சம் எதில் பட்டுத் திரும்புகிறதோ அதன் நிறத்தை எடுத்துக்கொண்டே வரும். நிறமுள்ள எதிலும் ஃபிளாஷை அடிக்காதீர்கள். 43 அங்குல வெள்ளைத் துணிக் குடையை ஃபிளாஷின் முன் பொருத்தி, கமராவுக்குப் பின்னால் ஆறேழு அடி உயரத்தில், அறையை நோக்கி வையுங்கள். குடை இல்லையென்றால் நாலடி நீள வெள்ளை ரெஜிபோம் தகடு ஒன்றைச் சுவரில் சாய்த்து, அதில் பட்டுத் திரும்ப விடலாம். பழைய கட்டில் விரிப்பு வேண்டாம். வெள்ளையாகத் தெரிந்தாலும் நீலமோ மஞ்சளோ ஏறியிருக்கும்.

பலகை சீலிங் வெளிச்சத்தை விழுங்கி, படத்தில் கறுத்துப் போகும். அதற்காக மட்டும் இன்னொரு படம் எடுங்கள். ஃபிளாஷை நேரே மேலே காட்டி அடித்து, அந்தப் படத்தை லைட்டன் முறையில் சீலிங் பகுதிக்கு மட்டும் சேர்த்தால் பலகையின் ரேகையெல்லாம் தெளிவாக வரும். அதிலிருந்து கீழே இறங்கும் செம்மஞ்சள் மாஸ்க்குக்கு வெளியே நின்றுவிடும்.

சிவப்புத் தரையின் சாயல் சுவரின் கீழ் இரண்டு மூன்று அடியில் ஏறியிருக்கும். படம் திருத்தும் லைட்ரூம் செயலியில் முழுப் படத்தின் சிவப்பையும் குறைத்தால் தரை செத்துப்போகும். சுவரின் கீழ்ப்பகுதியில் மட்டும் பிரஷ் ஓட்டி, சச்சுரேஷனை (நிறச் செறிவை) 30 அல்லது 40 குறையுங்கள். முற்றாக நீக்க வேண்டாம். மினுக்கித் தேய்த்த சிவப்புத் தரை அப்படித்தான் சுவரில் நிழலாடும், அந்த வீட்டின் அழகும் அதுவே. பச்சை சரியா என்று அறிய, குடை வெளிச்சத்தில் சாம்பல் நிற அட்டையைப் பிடித்து முதலில் ஒரு படம் எடுத்து, அதிலிருந்து வைட் பலன்ஸை மற்றவற்றுக்குப் பிரதி செய்யுங்கள்.

கேள்வி: எல்.ஈ.டி. குமிழ் எரியும்போது படத்தில் குறுக்கே இருண்ட பட்டிகள் விழுகின்றன. கமரா பழுதா?
– வாசகி, மட்டக்குளி

பதில்: கமரா நன்றாகத்தான் இருக்கிறது. நம் நாட்டு மின்சாரம் 50 ஹேர்ட்ஸ், மலிவான எல்.ஈ.டி. நொடிக்கு 100 தடவை மங்கி எரியும். சத்தமில்லாத எலக்ட்ரோனிக் ஷட்டரை விட்டு மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி, 1/100, 1/50, 1/25 என்ற வேகங்களில் எடுங்கள். டிம்மர் இருந்தால் முழு அளவுக்குத் திருப்பிவிடுங்கள்.

கேள்வி: மின்விசிறியின் நிழல் சீலிங்கில் நட்சத்திரம் போல விழுகிறது. சாமிப்படக் கண்ணாடிகளிலும் அலுமாரிக் கண்ணாடியிலும் ஃபிளாஷ் வெடித்துத் தெரிகிறது.
– புகைப்படப்பிடிப்பாளர், தெஹிவளை

பதில்: விசிறிக்கும் சீலிங்குக்கும் இடையில் ஓரடிதான் இருக்கும். ஃபிளாஷ் விசிறிக்கு அருகில் நின்றால் நிழல் பெரிதாக விழும். ஃபிளாஷை அறையின் மறுகோடிக்குக் கொண்டுபோய், சீலிங்குக்குப் பதில் பின்சுவரில் அடியுங்கள். விசிறியை நிறுத்தி, இறக்கைகள் முற்றாக அசைவற்றபின் எடுங்கள். ஓடும் விசிறி இயற்கைப் படத்தில் மங்கலாகவும் ஃபிளாஷ் படத்தில் உறைந்தும் பதியும். சேர்த்தால் ஆறு இறக்கை தெரியும்.

கண்ணாடிக்கு விதி ஒன்றுதான்: வெளிச்சம் எந்தக் கோணத்தில் விழுகிறதோ அதே கோணத்தில் திரும்பும். கமராவில் கண்ணை வைத்துப் பார்க்கும்போது அலுமாரிக் கண்ணாடியில் எந்தச் சுவர் தெரிகிறதோ, அந்தச் சுவரில் ஃபிளாஷை அடிக்கக் கூடாது. தப்பிக்க இடமில்லாத சிறிய அறையில், ஃபிளாஷை இடம் மாற்றி இரண்டாவது படம் எடுத்து, கண்ணாடிப் பகுதியை அதிலிருந்து எடுத்து ஒட்டுங்கள். சாமிப்படங்களைக் கழற்றி வைக்கச் சொல்லாதீர்கள். சட்டத்தின் கீழ்விளிம்புக்குப் பின்னால் ஒரு மடித்த காகிதத்தைச் செருகினால் சாய்வு மாறி, பிரதிபலிப்பு கமராவை விட்டு விலகிவிடும். அதையும் வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

கேள்வி: அனெக்ஸை வாடகைக்கு விட வேண்டும். என்னிடம் கைப்பேசி மட்டும்தான் இருக்கிறது. ஃபிளாஷ், ட்ரைபொட் எதுவும் இல்லை.
– இல்லத்தரசி, நுகேகொடை

பதில்: கைப்பேசியே போதும், அக்கா. மெல்லிய வெள்ளைத் திரைச்சீலையை யன்னலில் இழுத்துவிடுங்கள். வெளியே நல்ல காட்சி இல்லாத இடத்தில் இதைவிடச் சிறந்த வழி இல்லை. திரை வெளிச்சத்தைப் பரப்பும், அறையும் யன்னலும் ஒரே படத்துக்குள் அடங்கிவிடும். பகலில் குமிழ்களை அணைத்துவிடுங்கள்.

0.5 என்று காட்டும் அகலக் கண்ணைக் கூடியவரை தவிருங்கள். ஓரத்தில் உள்ள கதிரையும் கட்டிலும் இழுபட்டு, அறை இரண்டு மடங்காகத் தெரியும். பார்க்க வருபவர் வாசலிலேயே ஏமாந்துபோவார். குளியலறைக்கு வேறு வழியில்லை, அங்கே பாவிக்கலாம். மற்ற அறைகளில் 1 இல் வைத்து, கதவு நிலையோடு முதுகைச் சாய்த்து நின்று எடுங்கள். கைப்பேசியை நெஞ்சு உயரத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். கீழ்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் கீழே ஒடுங்கும். குசினியில் மட்டும் மேடையைவிட ஓரடி உயர்த்திப் பிடித்தால் மேடையின் மேற்பரப்பு தெரியும்.

திரையில் யன்னலோரத்தை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டி, சிறிது மட்டும் குறைத்து எடுங்கள். இருண்டதைப் பிறகு உயர்த்தலாம், வெளுத்துப்போனதை மீட்க முடியாது. கைப்பேசி லைட்ரூமில் ஜியோமெட்ரி பகுதிக்குள் வேர்ட்டிக்கல் என்பதைத் தெரிவுசெய்தால் சுவர்கள் நேராகும். ஷடோவை (இருண்ட பகுதியின் வெளிச்சத்தை) 30 வரை உயர்த்துங்கள்; 60, 70 போனால் இருண்ட மூலைகளில் புள்ளிகள் கிளம்பும்.

கேள்வி: ஏசி அறையில் எடுத்துவிட்டு பல்கனிக்கு வந்ததும் லென்ஸ் மூடுபனியாகிறது. பின்னேர வானத்தோடு எடுக்கும் படம் இதனால் தவறிப்போகிறது.
– வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: கொழும்பின் ஈரக் காற்று 24 பாகை செல்சியஸ் அளவிலேயே நீராகப் படியத் தொடங்கும் நாட்கள் அதிகம். ஏசியில் அதைவிடக் குளிர்ந்த கமராவில் படிவது அந்த நீர். துடைத்தால் திரும்பவும் படியும். கமராவைப் பையில் வைத்து ஸிப்பை மூடி, பையோடு அரைமணி நேரம் வெளியே வைத்துவிடுங்கள். ஏசியை முன்கூட்டியே நிறுத்தச் சொல்வது இன்னும் நல்லது.

நேரக் கணக்கும் தேவை. இங்கே சூரியன் நவம்பரில் ஏறத்தாழ 5.50 க்கும், யூலையில் 6.30 க்கும் மறையும். நாம் பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் அந்தி விரைவில் முடிந்துவிடும். வானத்து நீலமும் வீட்டுக் குமிழ் வெளிச்சமும் சமமாக நிற்பது, சூரியன் மறைந்து 10 ஆவது நிமிடத்தில் இருந்து 20 ஆவது நிமிடம் வரை. அந்தப் பத்து நிமிடத்துக்குள் ஒரு கோணம்தான் முடியும். அதை முன்பே தெரிவுசெய்து ட்ரைபொட்டை நிறுத்திவிடுங்கள்.

கேள்வி: சீலிங்கில் உள்ள ஈரக்கறையையும் யன்னலுக்கு வெளியே தெரியும் மின்கம்பியையும் அழித்துத் தரும்படி தரகர் கேட்கிறார். செய்யலாமா?
– பெயர் வேண்டாம், கொழும்பு 6

பதில்: செய்யக் கூடாது. குடியிருப்பவர் வீட்டை விட்டுப் போகும்போது கூடவே கொண்டுபோவதைப் படத்தில் இருந்து அழிக்கலாம்: கதிரையில் கிடக்கும் சாரம், மேசைமேல் மருந்துப் போத்தல், தரையில் ஓடும் வயர். அவர் போனபிறகும் வீட்டோடு இருப்பதை அழிக்கக் கூடாது: ஈரக்கறை, சுவர் வெடிப்பு, மின்கம்பி, பக்கத்து மாடியின் தண்ணீர்த் தாங்கி. ஈரக்கறை என்றால் மேலே கசிவு இருக்கிறது; அதை மறைத்த படத்தைப் பார்த்து முற்பணம் கட்டுபவரின் பணம் உண்மையான பணம். தரகரிடம் கோணத்தை மாற்றித் தருகிறேன் என்று சொல்லலாம், கம்பி குறைவாகத் தெரியும் இடத்தைத் தேடலாம். மழைநாள் வானத்தை நீலமாக்குவதையும் நாம் விரும்புவதில்லை. தரையில் மேகநாள் நிழல், யன்னலில் வெயில்வானம். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் காட்டிக்கொடுக்கும்.

கேள்வி: கணினியில் தெளிவாக இருக்கும் படம் வட்ஸ்அப்பில் அனுப்பியதும் மங்குகிறது.
– புகைப்படப்பிடிப்பாளர், வத்தளை

பதில்: படமாக அனுப்பினால் வட்ஸ்அப் சுருக்கிவிடும். எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற முறையில், நீளப்பக்கம் 2048 பிக்சல், ஜேபெக் தரம் 80 என்று ஏற்றுமதி செய்து, டொக்கியுமென்ட் ஆக இணைத்து அனுப்புங்கள். நிறம் வெளிறிப் போனால் அடோப் ஆர்.ஜி.பி. என்ற வேறு நிற முறையில் ஏற்றுமதியாகிவிட்டதா என்று பாருங்கள்.